பென்டிரைவின் கொள்ளளவு போலியா என்று சோதிப்பதும் பணத்தைத் திரும்பப் பெறுவதும்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க் அருகேயுள்ள லெனேசியாவிலும் திருமண ஒளிப்பதிவுகள், கோயில் காவடிப் படங்கள், புரட்டாசிப் பஜனைப் பதிவுகள் ஆகியவை பெரும்பாலும் பென்டிரைவில்தான் கைமாறுகின்றன. எங்கள் உறவினர் வீட்டுத் திருமணக் காணொளி அப்படி ஒன்றில் வந்து, தாலி கட்டும் பகுதி மட்டும் கடைசிவரை திறக்காமலே போனதற்குப் பிறகு, இந்தச் சோதனையை முறையாகச் செய்வது எப்படி என்று தேடித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. வழிமுறைகள் கடினமானவை அல்ல. ஆனால் அவை ஒரே இடத்தில், இந்த நாட்டின் நுகர்வோர் சட்டத்தோடு சேர்த்து, தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை.

போலி பென்டிரைவ் எப்படி ஏமாற்றுகிறது என்பது தெரிந்தால்தான் பின்வரும் படிகளின் காரணம் விளங்கும். பென்டிரைவுக்குள் தரவைத் தாங்கும் நினைவகச் சில்லு ஒன்றும், அதை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றும் உள்ளன. நினைவகம் 8 ஜிபியாகவே இருக்க, கட்டுப்பாட்டுச் சில்லின் மென்பொருளை மட்டும் திருத்தி, கணினி கேட்கும்போது 128 ஜிபி என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் சரியாகப் பதிவாகும். அதற்கு மேல் நீங்கள் எழுதுவது ஒன்று பழைய தரவின் மீதே விழும், அல்லது எங்கும் பதியாமல் தொலையும். எந்த நிலையிலும் கணினி பிழைச் செய்தி காட்டாது. கோப்புகளின் பெயரும் அளவும் அடங்கிய பட்டியல் பென்டிரைவின் தொடக்கப் பகுதியில் பத்திரமாக இருப்பதால், கோப்புறையைத் திறந்தால் எல்லாமே இருப்பதாகத் தோன்றும். ஒன்றைத் திறக்க முயலும்போதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்பது தெரியவரும்.

1. வாங்கும் நாளிலேயே ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள்

சோதனையை விடவும் இதை முதலில் சொல்வதற்குக் காரணம், சோதனையில் போலி என்று தெரிந்த பிறகு ஸ்லிப் (கடை ரசீது) இல்லாமல் கடைக்குச் செல்பவருக்குப் பேசுவதற்கு எதுவும் இருப்பதில்லை என்பதே. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு விற்பனைக்கும் எழுத்துவடிவ ரசீது தரவேண்டியது விற்பவரின் கடமை. அதில் கடையின் பெயர், முகவரி, தேதி, பொருளின் விவரம், விலை ஆகியவை இருக்க வேண்டும். சந்தைக் கடையிலோ சிறிய கைபேசிக் கடையிலோ வாங்கினால் தயங்காமல் கேளுங்கள். கையால் எழுதித் தந்தாலும் போதும், ஆனால் அதில் "பென்டிரைவ்" என்று மட்டும் எழுதியிருந்தால் "128 ஜிபி" என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பின்னால் எழும் வழக்கு முழுவதும் அந்த எண்ணைப் பற்றியதுதான்.

வெப்பத்தாளில் அச்சாகும் ஸ்லிப்பைக் காரின் முன்பக்கத்தில் போட்டுவைத்தால், டர்பன் கோடையில் சில நாள்களிலேயே எழுத்து தெரியாமல் போய்விடும். வாங்கிய அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறையை ஒரு ஓரத்தில் மட்டும் கத்தரித்துத் திறந்து, முன்பக்கம், பின்பக்கம், பென்டிரைவின் உலோகப் பகுதியில் பொறித்திருக்கும் எண்கள் ஆகியவற்றையும் படம் எடுங்கள்.

விலையைப் பற்றி ஒரு சொல். 1 டிபி, 2 டிபி கொள்ளளவுள்ள உண்மையான பென்டிரைவுகள் உலகில் இல்லாமல் இல்லை, ஆனால் அவற்றின் விலை கொள்ளளவுக்கு ஏற்ப ஏறியிருக்கும். பெரிய கடைகளில் 64 ஜிபிக்குக் கேட்கும் விலையில் ஒருவர் 2 டிபி தருகிறார் என்றால், சோதனைக்கு முன்பே விடை தெரிந்துவிட்டது என்றே நான் கொள்வேன். 16 டிபி என்ற பெயரில் இணையத்தில் மலிவாக விற்கும் கையடக்க வன்வட்டுகள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே ஒரு சிறிய மைக்ரோஎஸ்டி அட்டை மட்டும் செருகியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதே சமயம், விலை சரியாக இருப்பதாலோ உறையில் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் இருப்பதாலோ பொருள் உண்மையானது என்று கொள்ளவும் முடியாது. உறையையும் அப்படியே போலியாக அச்சிடுகிறார்கள்.

2. கணினி குறைவாகக் காட்டுவதைக் கண்டு அஞ்சாதீர்கள்

புதிதாகச் சோதிப்பவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். உற்பத்தியாளர் 64 ஜிபி என்று சொல்வது 6,400 கோடி பைட்டுகளை. விண்டோஸ் 1,024இன் பெருக்கங்களில் கணக்கிடுவதால் அதையே 59.6 என்று காட்டும். அவ்வாறே 128 என்பது 119 ஆகவும், 1 டிபி என்பது 931 ஜிபி ஆகவும் தெரியும். இதிலிருந்து இன்னும் ஓரிரு ஜிபி குறைந்தாலும் அது இயல்பே. இது ஏமாற்று வேலை அன்று. இதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஏமாற்றுப் பொருளில் இந்த எண் மிகச் சரியாக இருக்கும் என்பதுதான் உண்மையான பொறி. எனவே கடைக்காரர் தம் கணினியில் செருகிக் கொள்ளளவைக் காட்டினால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஃபார்மட் செய்து (அதாவது பென்டிரைவை அழித்துப் புதிதாக ஆயத்தமாக்கி) காட்டினாலும் அப்படியே. விரைவு ஃபார்மட் தொடக்கப் பகுதியில் மட்டுமே எழுதுகிறது. முழு ஃபார்மட் எல்லா இடத்திலும் வெறும் சுழியங்களை எழுதுவதால், எழுதியது வேறோர் இடத்தில் போய் விழுந்தாலும் படிக்கும்போது அதே சுழியங்கள்தான் கிடைக்கும், வேறுபாடு தெரியாது. ஒரு திரைப்படத்தைப் பதிந்து ஓட்டிக் காட்டுவதும் முதல் சில ஜிபிகளைத் தாண்டாது.

ஆகவே கொள்ளளவை உறுதிசெய்ய ஒரே வழிதான் இருக்கிறது. பென்டிரைவை நுனிவரை நிரப்ப வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறான தரவை எழுத வேண்டும். பிறகு எழுதியது எழுதியபடியே திரும்பக் கிடைக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

3. உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுங்கள்

புதிய பென்டிரைவாக இருந்தால் இந்தப் படி தேவையில்லை. ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருப்பதைச் சோதிக்க விரும்பினால், அதிலுள்ள கோப்புகளை எல்லாம் கணினிக்கு நகல் எடுத்து, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்த்த பின்னரே தொடங்குங்கள். "மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும்தானே எழுதப் போகிறது" என்று எண்ணிவிட வேண்டாம். பொருள் போலியாக இருந்தால் மிச்ச இடம் என்று கணினி நினைப்பது உண்மையில் உங்கள் பழைய கோப்புகள் இருக்கும் அதே இடமாக இருக்கலாம். அப்போது சோதனையே அவற்றை அழித்துவிடும். நகல் எடுத்தபின் விரைவு ஃபார்மட் செய்து காலியாக்கிக்கொள்ளுங்கள்.

மைக்ரோஎஸ்டி அட்டைக்கும் இதே முறைதான். கைபேசியிலிருந்து எடுத்து அட்டைப் படிப்பானில் இட்டுச் சோதியுங்கள். மைக்ரோஎஸ்டியைச் செருகும் பெரிய அடாப்டரைப் பயன்படுத்தினால், அதன் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டு திறந்த நிலையில் இருக்க வேண்டும்.

4. மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

நான் பரிந்துரைக்கும் மென்பொருள்கள் எல்லாமே இலவசம். பணம் கேட்கும் எதையும் இந்த வேலைக்காக வாங்க வேண்டியதில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw). இது ஜெர்மனியின் ஹைசே பதிப்பகத்தில் பணியாற்றிய ஹாரால்ட் போகெஹோல்ட்ஸ் எழுதியது. நிறுவத் தேவையில்லை, சுருக்கக் கோப்பைப் பிரித்து அப்படியே இயக்கலாம். பழைய தோற்றம் கொண்டது என்றாலும் அதன் முடிவை மறுப்பது கடினம். அதே பெயரில் வேறு பல தளங்களும் பதிவிறக்கம் தருகின்றன. ஹைசே பதிப்பகத்தின் தளத்திலிருந்தே எடுங்கள்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மிஷெல் மச்சாடோ உருவாக்கிய எஃப்3 (F3). இதில் எழுதுவதற்கு ஒரு கட்டளையும் படித்து ஒப்பிடுவதற்கு ஒரு கட்டளையும் தனித்தனியே உள்ளன. லினக்ஸில் மட்டும் சில நிமிடங்களில் உண்மைக் கொள்ளளவைக் கணிக்கும் மூன்றாவது கட்டளையும் உண்டு.

நேரமில்லாதவர்களுக்கு ஸ்டீவ் கிப்சனின் வேலிடிரைவ் (ValiDrive), இதுவும் விண்டோஸுக்கானது. பென்டிரைவின் பரப்பு முழுவதிலும் பரவிய 576 இடங்களை மட்டும் சோதித்து, சரியான இடங்களைப் பச்சையாகவும் தவறானவற்றைச் சிவப்பாகவும் காட்டும். போலியை விரைவில் பிடிக்க இது மிக நல்ல கருவி. ஆனாலும் எல்லாம் பச்சை என்று வந்ததை வைத்து ஒரு குடும்பத்தின் ஒரே திருமணப் பதிவை நான் அதில் வைக்க மாட்டேன், ஏனெனில் 576 இடங்களுக்கு இடையே உள்ள பெரும்பரப்பு சோதிக்கப்படவே இல்லை. கையில் பத்து பென்டிரைவ் இருந்தால், முதலில் இதை வைத்துச் சலித்துவிட்டுத் தேறியவற்றுக்கு மட்டும் முழுச் சோதனை செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

5. நேரத்தைக் கணக்கிட்டுத் தொடங்குங்கள்

மலிவான பென்டிரைவ்கள் விநாடிக்கு 5 முதல் 10 எம்பி வேகத்திலேயே எழுதுகின்றன. 10 எம்பி வேகத்தில் 64 ஜிபியை நிரப்ப ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 128 ஜிபிக்கு ஏறத்தாழ மூன்றரை மணி. வேகம் 5 எம்பியாக இருந்தால் இரட்டிப்பு. படித்து ஒப்பிடுவது இதைவிட விரைவு என்றாலும் 128 ஜிபிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. 1 டிபி என்று சொல்லும் பென்டிரைவை 10 எம்பி வேகத்தில் நிரப்ப ஒரு நாள் முழுதும் போதாது. ஆகவே 64 ஜிபி வரை மாலையில் முடிக்கலாம், 128 ஜிபியை இரவில் விடலாம், அதற்கு மேற்பட்டவற்றை வார இறுதிக்கு ஒதுக்க வேண்டும்.

தொடங்கும் முன் மின்வெட்டு அட்டவணையைப் பாருங்கள். லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) இல்லாத மாதங்களிலும் பகுதிவாரியான மின்தடை வருவதுண்டு. மேசைக் கணினியைவிட மடிக்கணினியே இதற்கு ஏற்றது. கணினி தானாகத் தூங்கச் செல்லும் அமைப்பை நிறுத்திவையுங்கள், திரை அணைவதில் பாதகமில்லை. பென்டிரைவை நீட்டிப்புப் பெட்டி (யூஎஸ்பி ஹப்) வழியாகச் செருகாமல் கணினியின் யூஎஸ்பி துளையிலேயே நேரடியாகச் செருகுங்கள். தளர்வான இணைப்பால் நடுவில் துண்டிக்கப்பட்டால் நல்ல பென்டிரைவும் பழுதானதாகக் காட்டிவிடும்.

6. சோதனையை ஓட்டுங்கள்

எச்2டெஸ்ட்டபிள்யூவைத் திறந்ததும் மொழியை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். "செலக்ட் டார்கெட்" பொத்தானை அழுத்தி உங்கள் பென்டிரைவைக் குறிக்கும் எழுத்தை (E:, F: போன்றது) தேர்ந்தெடுங்கள். அது எந்த எழுத்து என்பதை இரண்டு முறை சரிபாருங்கள், ஏனெனில் தவறி வேறு வட்டைத் தேர்ந்தெடுத்தால் கணினியின் காலியிடம் முழுவதும் சோதனைக் கோப்புகளால் நிரம்பிவிடும். "ஆல் அவெய்லபிள் ஸ்பேஸ்" என்ற தெரிவை அப்படியே விடுங்கள். "எண்ட்லெஸ் வெரிஃபை" என்பதைத் தொட வேண்டாம். அது நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு "ரைட் + வெரிஃபை" பொத்தானை அழுத்துங்கள்.

மென்பொருள் 1 ஜிபி அளவுள்ள கோப்புகளாக எழுதிச் செல்லும். எழுதும்போது பிழை எதுவும் காட்டாதது நல்ல அடையாளம் அன்று. போலி பென்டிரைவும் இந்தக் கட்டத்தை எளிதில் கடந்துவிடும். தீர்ப்பு படிக்கும் கட்டத்தில்தான் கிடைக்கும். எழுதி முடித்த பிறகு மின்சாரம் போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை: கோப்புகள் பென்டிரைவிலேயே இருக்கும், எனவே மென்பொருளை மீண்டும் திறந்து "வெரிஃபை" மட்டும் ஓட்டலாம்.

எஃப்3 பயன்படுத்துவோர் எழுதி முடித்ததும் பென்டிரைவை முறைப்படி கழற்றி மீண்டும் செருகிய பிறகே படிக்கும் கட்டளையை ஓட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், அண்மையில் எழுதியதைக் கணினி தன் நினைவகத்திலிருந்தே எடுத்துக் காட்டக்கூடும். சிறிய கொள்ளளவுள்ள அட்டைகளில் இதனால் முடிவு தவறாகலாம்.

7. முடிவைப் படியுங்கள்

பிழையின்றி முடிந்தது என்ற பொருள்படும் வரி வந்தால் பென்டிரைவ் சொன்ன கொள்ளளவு உண்மையானது. சில எம்பி மட்டும் சோதிக்கப்படவில்லை என்ற குறிப்பு வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

தவறானால், ஊடகம் பழுதாக இருக்கலாம் என்ற வரியோடு இரண்டு அளவுகள் வரும்: சரியாக இருப்பது எவ்வளவு, "டேட்டா லாஸ்ட்" எவ்வளவு. 119 ஜிபியில் சரியானது 7 ஜிபிக்குச் சற்று மேல், மற்றதெல்லாம் இழப்பு என்று வந்தால் அது 8 ஜிபி சில்லின் மீது 128 என்ற எண் ஏற்றப்பட்ட போலி. சரியான அளவு 8, 16, 32 போன்ற எண்களுக்கு அருகில் நின்று, அதற்கப்பால் எல்லாம் தொலைந்திருப்பதே போலியின் முகம். மாறாக, இழப்பு மிகச் சிறிதாக ஆங்காங்கே சிதறியிருந்தால் அது பழுதான அல்லது தேய்ந்த பென்டிரைவாகவோ தளர்வான இணைப்பாகவோ இருக்கலாம். வேறு துளையில் செருகி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறையும் வந்தால், போலியோ பழுதோ, திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

சாளரத்தை மூடும் முன் "காப்பி டு கிளிப்போர்டு" பொத்தானை அழுத்தி முடிவை ஓர் ஆவணத்தில் ஒட்டிச் சேமியுங்கள். திரையையும் படம் எடுங்கள். கடைக்காரருக்கு அந்த ஆவணத்தைவிடப் படமே எளிதில் புரிகிறது.

8. பணத்தைத் திரும்பக் கேளுங்கள்

வாங்கிய பொருள் தரமற்றதாகவோ பழுதாகவோ இருந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள், கடைக்காரர் அல்லர். திருப்பி அனுப்பும் செலவும் விற்பவருடையது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதிவைப்பதால் இந்த உரிமை போய்விடாது. நான் பணத்தையே கேட்கச் சொல்வேன், ஏனெனில் மாற்றித் தரும் பென்டிரைவ் பெரும்பாலும் அதே பெட்டியிலிருந்துதான் வரும்.

ஆறு மாதம் இருக்கிறதே என்று சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். சந்தைக் கடைகள் இடம் மாறுகின்றன. இணையத்தில் வாங்கியிருந்தால் ஒரு கூடுதல் வழியும் உண்டு: 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்து ஏழு நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது; பணம் 30 நாள்களுக்குள் வந்துசேர வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கியவர்களுக்கு, நடைமுறையில் சட்டத்தைவிட அந்தத் தளத்தின் முறையீட்டுக் காலக்கெடுவே பயன்படும். கெடு முடிவதற்குள் சோதனை முடிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவிலோ அண்டை வீட்டாரிடமோ, வியாபாரமாக அன்றி, தம் பொருளை விற்கும் தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வராது. அத்தகையோரிடம் வாங்கும்போது வேலிடிரைவை அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைக்கு நேரில் செல்லும்போது ஸ்லிப், உறை, பென்டிரைவ், முடிவின் படம் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். பணிவாகப் பேசினாலே பெரும்பாலான இடங்களில் வேலை முடிந்துவிடும். சிறு கடைக்காரர்களில் பலர் தாமும் மொத்த வியாபாரியிடம் ஏமாந்தவர்களே. மறுத்தால், வாங்கிய தேதி, விளம்பரப்படுத்திய கொள்ளளவு, சோதனையில் கிடைத்த கொள்ளளவு, நீங்கள் கேட்பது, பதிலுக்குத் தரும் கெடு ஆகியவற்றைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதி மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் (Consumer Goods and Services Ombud) முறையிடலாம். நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் நீங்கள் முதலில் கடையிடமே முறையிட்டதற்கான சான்றைக் கேட்பார்கள். வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுத்தில் அனுப்பச் சொன்னது இதற்காகத்தான்.

9. பணம் வராவிட்டாலும் செய்யக்கூடாதவை

தொலைந்த கோப்புகளை மீட்டுத் தருவதாகச் சொல்லும் கடைகளில் போலி பென்டிரைவைக் கொடுத்துப் பணம் செலவழிக்க வேண்டாம். உண்மைக் கொள்ளளவுக்கு அப்பால் எழுதியது ஒன்று அந்தச் சில்லில் பதியவே இல்லை, அல்லது பழைய தரவின் மீது விழுந்து அதை அழித்துவிட்டது. இல்லாததை எந்தக் கருவியும் மீட்காது. ஒளிப்பதிவாளரின் கணினியிலோ படக்கருவியின் அட்டையிலோ மூலப் பதிவு இன்னும் இருக்கிறதா என்று உடனே கேட்பதுதான் ஒரே வழி. அவர்கள் இடப்பற்றாக்குறையால் விரைவில் அழித்துவிடுவார்கள் என்பதால் அந்த அழைப்பை மறுநாளுக்குத் தள்ள வேண்டாம்.

எஃப்3இல் உண்மைக் கொள்ளளவுக்கு மட்டும் பகுதி பிரித்து (அதாவது கணினி அந்த இடத்தை மட்டுமே பயன்படுத்தும்படி வரையறுத்து) பயன்படுத்தும் வசதி உண்டு. லினக்ஸ் தெரிந்தவர்கள் செய்யலாம். ஆனால் அதில் இருக்கும் சில்லும் பெரும்பாலும் தரம் குறைந்தது. யாரேனும் பிறகு வேறு கணினியில் புதிதாகப் பகுதி பிரித்தால் பொய் எண் மீண்டும் வந்துவிடும். அச்சகத்துக்கு ஒரு அழைப்பிதழ்க் கோப்பைக் கொண்டு செல்வது போன்ற வேலைக்கு மட்டும், மேலே உண்மைக் கொள்ளளவை மையால் எழுதிவைத்து, நான் அதை அனுமதிப்பேன். போலி என்று தெரிந்தபின் வேறொருவருக்கு விற்பதோ, விவரம் சொல்லாமல் கொடுப்பதோ கூடாது.

கோயிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ மொத்தமாக வாங்குபவர்கள் முதலில் ஒன்றை மட்டும் வாங்கி முழுச் சோதனை செய்யுங்கள். அது தேறிய பிறகு மீதியை அதே கடையில் ஒரே ஸ்லிப்பில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு வேலிடிரைவில் ஓட்டுங்கள். ஒரே பெட்டியில் நல்லதும் போலியும் கலந்து வரக்கூடும் என்பதால், முதலாவது தேறியது மற்றவற்றுக்குச் சான்றாகாது.